மொந்தெகாப்ராவின் சரித்திரத்தை நான் சொல்லிக் கெடுத்தது

சரித்திரம் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஓர் ஊரின் பெயரைச் சொன்னால் எங்கள் தலை தானாக ஆடிவிடும். அந்த ஊர் எந்த நாட்டில் இருக்கிறது, அது ஊரா ஆறா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தலை ஆடும், "ஓ, அதுவோ" என்று ஒரு சத்தமும் கூடவே வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாங்கள் என்ன விஞ்ஞான ரீச்சர்மாரா?

என்னிடம் இந்த வியாதி முற்றிப்போயிருந்தது ஊருக்கே தெரியவந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவில், ஓர் இத்தாலியச் சங்க மண்டபத்தில், ஒலிவாங்கியின் முன்னால். மண்டபத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஒரு சின்ன மலையூரிலிருந்து வந்தவர்கள். அந்த ஊரின் சரித்திரத்தை அவர்களுக்கே எடுத்துச் சொல்வதற்காக, பச்சைக் காஞ்சிபுரம் உடுத்து, கொண்டை போட்டுக்கொண்டு நான் போயிருந்தேன்.

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இவர் (என் கணவர் குணரத்தினம், கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வெறும் 'இவர்'தான்) எனக்கு முன்பே கனடாவுக்கு வந்து ஒரு காப்புறுதிக் கொம்பனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் வந்து சேர்ந்ததும் இருவருமாக வீடு தேடினோம். தொலைபேசியில் எல்லோரும் "வாருங்கள், வாருங்கள்" என்பார்கள். வாசலில் போய் நின்றால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் ஒருவர் வந்து எடுத்துவிட்டார்" என்பார்கள். அந்த ஒருவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ரொறன்ரோ முழுவதும் எங்களுக்கு அரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

டவன்போர்ட் மேட்டின் அடியில் ஒரு வீட்டை மட்டும் அந்த ஒருவர் தவறவிட்டுவிட்டார். வீட்டுக்காரர் பெயர் டொமெனிக்கோ. சீமெந்து வேலை செய்கிறவர். ஆளும் சீமெந்தில் வார்த்தது போலத்தான் இருப்பார். மனைவி அசுந்தா, ஒல்லியான, வாய் திறக்காத பெண். அவர்கள் கீழே இருந்தார்கள், மேல்மாடி வாடகைக்கு. டொமெனிக்கோ எங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: முற்றத்துத் திராட்சைக் கொடியில் கை வைப்போமா? மாட்டோம் என்றோம். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திராது. இவர் தன் பங்குக்கு, தன் மனைவி ஊரில் சரித்திர ஆசிரியை என்று எடுத்துவிட்டார்.

டொமெனிக்கோ தொப்பியைக் கழற்றினார். அவருடைய ஊரில் பாதிரியாருக்கு அடுத்தபடி பள்ளிக்கூடத்து ரீச்சர்தானாம். ரீச்சரை அவர்கள் 'மாயெஸ்த்ரா' என்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து அந்த வீட்டில் என் பெயர் மாயெஸ்த்ரா.

அது எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பது பெண்பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். ரொறன்ரோவில் என் சான்றிதழை வாங்கிப் பார்த்த அலுவலர், அழகான எழுத்து என்று பாராட்டித் திருப்பித் தந்தார். நான் ஸ்பாடைனாத் தெருவில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் கொலர் தைக்கப் போனேன். அங்கே என் பெயர் 'யூ'. மாலையில் வீடு திரும்பும்போது டொமெனிக்கோ முற்றத்தில் நின்று தொப்பியைத் தொட்டு "மாயெஸ்த்ரா" என்று சொன்னால், அன்று முழுக்கத் தைத்த கொலரெல்லாம் எனக்கே போட்ட மாலை மாதிரி இருக்கும்.

அவர்களுடைய முன்னறையில் ஒரு பெரிய புகைப்படம் சட்டம் போட்டுத் தொங்கியது. ஒரு மலை, அதன் உச்சியில் மதிலும் கோபுரமுமாக ஒரு சின்ன ஊர். டொமெனிக்கோ நெஞ்சைத் தொட்டு, "மொந்தெகாப்ரா" என்றார். ஆட்டு மலை என்று அர்த்தமாம். என் தலை ஆடியது. "ஓ, அதுவோ" என்றேன்.

(டொமெனிக்கோவின் ஆங்கிலத்தை அப்படியே எழுத என்னால் முடியாது. என் ஆங்கிலத்தை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆகவே இங்கே எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுவார்கள். வேறு தமிழ் எனக்கு வராது.)

அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் ஒரு கலியாண வீட்டுக்குக் காணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். ஊருக்கொரு சங்கம், பிறகு ஒரு சங்கம் இரண்டாக உடைவது, இதெல்லாம் எங்களுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. இத்தாலியர்களிடம் ஏற்கெனவே இருந்தது. மொந்தெகாப்ரா சங்கம் வருடா வருடம் கார்த்திகை மாதம் தங்கள் ஊர்ப் புனிதருக்கு ஒரு விருந்து வைக்கும். அந்த வருடம் சங்கத்துக்கு ஒரு கவலை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இத்தாலி மொழி ஏறவில்லை, ஊரின் பெருமை ஒன்றும் தெரியவில்லை, பெற்றோர் சொல்லப்போனால் எழுந்து போய்விடுகிறார்கள். யாராவது நல்ல ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னால் கேட்பார்களாம். கோவில் பாதிரியாரைக் கேட்டிருக்கிறார்கள். அவர் அயர்லாந்துக்காரர், தன் ஊரைப் பற்றியென்றால் பேசத் தயார் என்றாராம்.

டொமெனிக்கோ அந்த வருடம் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தார். நெடுங்காலமாகத் தலைவராக இருந்தவர் பாஸ்குவாலே என்று ஒரு சலூன்காரர். அவரை விழுத்த டொமெனிக்கோவுக்கு ஏதாவது பெரிதாகச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. மேல்மாடியில் ஒரு சரித்திர ஆசிரியை சும்மா இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறி வந்து, விருந்தன்று ஊரின் சரித்திரத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

நான் யோசிக்கவேயில்லை. இவர்தான் அவர் போனபிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்த ஊரைப் பற்றி உமக்கு என்னப்பா தெரியும்?"

"லைப்ரரி எண்டு ஒண்டு இருக்கெல்லே" என்றேன். "உங்களுக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும்."

நூலகத்தில் எனக்காக ஒரு தடித்த புத்தகத்தைக் கீழே எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்து மலையூர்களையெல்லாம் கழுதையில் சுற்றிப் பார்த்த ஓர் ஆங்கிலேயர் எழுதியது. மொந்தெகாப்ரா என்ற தலைப்பில் ஓர் அத்தியாயமே இருந்தது. படமும் இருந்தது: மலை, உச்சி, மதில், கோபுரம். டொமெனிக்கோவின் முன்னறையில் தொங்கும் அதே கோபுரம். எனக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரித்திரமும் சும்மா இல்லை. கொள்ளைக்காரருக்குப் பயந்து ஆடுகளோடு மலையேறிய இடையர்கள் உச்சியில் ஊர் அமைக்கிறார்கள். மதில் கட்டுகிறார்கள். ஒரு பிரபு படையோடு வந்து முற்றுகையிடுகிறான். ஊருக்குள் சாப்பாடு தீருகிறது. கடைசி ஆட்டுக்கு மிச்சமிருந்த கோதுமையை எல்லாம் ஊட்டி, மதிலுக்கு மேலே தூக்கிக் காட்டுகிறார்கள். ஆடே இவ்வளவு கொழுத்திருந்தால் உள்ளே எவ்வளவு சாப்பாடு இருக்கும் என்று பிரபு மனமுடைந்து போய்விடுகிறான். மலையின் பாதி வழியில் இருந்த ஒரு கிராமம் பிரபுவுக்கு வழிகாட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தத் துரோகத்துக்குத் தண்டனையாக அதன் தேவாலய மணியைக் கழற்றி, மாட்டு வண்டியில் உச்சிக்கு ஏற்றி, தங்கள் கோபுரத்தில் தொங்கவிடுகிறார்கள். இன்றும் அது அங்கேதான் அடிக்கிறது, சத்தம் கீழே கேட்கிறது.

நான் மயங்கிப்போனேன். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன்.

விருந்துக்கு முந்திய வாரம் டொமெனிக்கோ ஒரு போத்தல் வீட்டு வைனோடு மேலே வந்தார். (நான் குடிப்பதில்லை. இவர் அன்றைக்கு விருந்தோம்பலுக்காகக் குடித்தார். அதற்குப் பிறகு விருந்தோம்பல் இல்லாமலும்.) ஊரைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா என்று டொமெனிக்கோ கேட்டார். அவர் தொடங்கியதே, தங்கள் ஊரின் மணியைத் தேவதைகள் வார்த்தன, அதில் பாதி தங்கம் என்றுதான். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, கவலைப்படவேண்டாம் என்றேன்.

"மணி? மணியும் இருக்கோ?"

"மணி விபரமா இருக்கு" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மணியை மட்டும் விட்டிராதேங்கோ, மாயெஸ்த்ரா. அதைப் பிள்ளையள் கட்டாயம் கேக்கவேணும்."

கேட்டார்கள்.

விருந்து ஒரு சனிக்கிழமை மாலை. மண்டபம் முழுக்க வெள்ளை மேசைவிரிப்பு, பாஸ்தா, இறைச்சி, இன்னும் பாஸ்தா. அசுந்தா எனக்கென்று தனியாகக் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். டொமெனிக்கோ புதுக் கோட்டுப் போட்டு, மேசை மேசையாக என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். கிழவிகள் என் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பாஸ்குவாலே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே ஒலிவாங்கியைப் பிடித்து, இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பேராசிரியை இப்போது பேசுவார் என்று அறிவித்தார். இலங்கை என்றும் ரீச்சர் என்றும் திருத்தியிருக்கலாம். நான் திருத்தவில்லை. அந்தப் பட்டத்தோடு கொஞ்ச நேரம் இருந்து பார்ப்போமே என்று நினைத்தேன்.

நான் நன்றாகத்தான் பேசினேன். அதுதான் விஷயத்தின் கேடு. தட்டுத்தடுமாறிப் பேசியிருந்தால் பாதிப் பேருக்கு விளங்காமல் போயிருக்கும். வகுப்பில் பேசுவது போல, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, கடைசி வாங்கில் இருக்கிறவர்வரை கேட்கும்படி பேசினேன். பிள்ளைகள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர்களுக்கு மொழிபெயர்த்தும் சொன்னார்கள். இடையர்கள் மலையேறியபோது எல்லோரும் சிரித்த முகம். உச்சியில் ஊர் கட்டியபோது முன்மேசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொழுத்த ஆட்டைத் தூக்கிக் காட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர்களில் ஒருவரும் தட்டவில்லை. ஊரின் கஷ்டகாலத்தைக் கேட்டு உருகிப்போயிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு மணிக்கு வந்தேன். டொமெனிக்கோவைப் பார்த்து ஒரு புன்னகை வேறு. பாதி வழியில் இருந்த அந்தத் துரோகிக் கிராமத்தை உரக்கக் கண்டித்தேன். மணியைக் கழற்றினேன், மாட்டு வண்டியில் ஏற்றினேன், கோபுரத்தில் கட்டினேன், கையை வீசி அடித்தும் காட்டினேன். மண்டபத்தில் ஒரு கரண்டிச் சத்தம் கூட இல்லை. கூட்டம் கொஞ்சம் இறுகிப்போயிற்று, ஒரு பகிடி விடுவோம் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஆங்கிலேயர் கீழ்க்கிராமத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறார் என்றேன். அங்கே கழுதை கூட நிற்க விரும்பவில்லையாம்.

அந்தப் பகிடிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

முன்மேசையில் ஒரு பையன் தகப்பனிடம் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. துரோகிகள் நாங்கள்தானா என்று கேட்டான்.

இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. மலை ஒன்றுதான், மொந்தெகாப்ராக்கள் இரண்டு. உச்சியில் இருப்பது மேல் மொந்தெகாப்ரா. பாதி வழியில் இருப்பது கீழ் மொந்தெகாப்ரா. இருவருமே ஊரின் பெயரை வெறும் மொந்தெகாப்ரா என்றுதான் சொல்வார்கள். மற்றது ஓர் ஊர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டொமெனிக்கோவின் முன்னறைப் படம் அவர் பிறந்த வீட்டின் கூரையில் நின்று எடுத்தது. அந்தக் கூரையில் நின்றால் மேலே தெரிவது உச்சிக் கோபுரம்தான். கோபுரத்துக்குள் இருப்பது தங்களுடைய மணி என்பதை மறந்துவிடக்கூடாது என்றுதான் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்.

நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றேன். இறங்கவும் தெரியவில்லை, தொடரவும் தெரியவில்லை. அப்போது அந்த அமைதியில் ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. நிதானமாக, பலமாக. நிமிர்ந்து பார்த்தேன். அசுந்தா.

டொமெனிக்கோ மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தட்டிக்கொண்டேயிருந்தாள். அந்த வீட்டில் அதுவரை நான் கேட்டிராத குரலில் "பிராவா" என்றும் சொன்னாள். அசுந்தா மேல் மொந்தெகாப்ராவில் பிறந்தவள். கல்யாணம் முடித்துக் கீழே இறங்கியவள். வருடா வருடம் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து, தேவதைகள் வார்த்த மணியை அவளுடைய பாட்டன்மார் களவெடுத்த கதையைக் கேட்டுக்கொண்டு பாஸ்தா பரிமாறியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அவளுக்காக ஒருவர் பேசியிருக்கிறார். அதுவும் நல்ல ஆங்கிலத்தில்.

பாஸ்குவாலே வந்து என் கையிலிருந்து ஒலிவாங்கியை மிக மரியாதையாக வாங்கி, இனி இனிப்பு பரிமாறப்படும் என்றார். அவ்வளவு சந்தோஷமான ஒரு சலூன்காரரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. தேர்தலில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டிய அவசியமில்லை.

டொமெனிக்கோவின் காரில்தான் நாலு பேரும் வீடு திரும்பினோம். அசுந்தா மட்டும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் டொமெனிக்கோ எனக்குக் கதவைத் திறந்து பிடித்தார். தொப்பியைத் தொடவில்லை.

மேலே வந்ததும் இவர் சப்பாத்தைக் கழற்றியபடி, "நாளைக்கு வீடு பாக்கத் தொடங்குவம்" என்றார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. குளிர் தொடங்கிவிட்டது. அரை மணி முன்னால் ஓடும் அந்த மனிதர் தெருவில் எங்களுக்காகக் காத்திருப்பது போல எனக்கு இருந்தது. நான் கொண்டையை அவிழ்த்துவிட்டு இருந்து அழுதேன். வீட்டுக்காக மட்டும் அழுதேன் என்றில்லை. ஒரு மாலை முழுவதும் நான் மறுபடி ரீச்சராக இருந்தேன். அந்த ஒரு மாலையையும் இப்படிச் செய்துவைத்தேன்.

டொமெனிக்கோ எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்லவில்லை. கீழே புருஷனும் பெண்சாதியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் வீடு முழுவதுக்குமான சூட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் அவர்களுடைய நடையில், சுவரில் இருந்தது. டொமெனிக்கோ வீட்டில் இருக்கும்போது அதைக் குறைப்பார். அவர் வேலைக்குப் போனதும் அசுந்தா கூட்டுவாள், எனக்கு நன்றிக்கடனாக. அவர் வருவார், குறைப்பார். அவர் நித்திரையானதும் அவள் கூட்டுவாள். நாங்கள் மேல்மாடியில் கம்பளிக் கோட்டோடு சாப்பிட உட்கார்ந்து, பனியனோடு எழும்புவோம். இவர் சூட்டைக் கொண்டுவரும் தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தே கீழே இப்போது யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லப் பழகிவிட்டார். "இப்ப மேலூர் வெல்லுது" என்பார்.

இதற்கிடையில் செய்தி டவன்போர்ட் மேட்டில் ஏறிவிட்டது. நாங்கள் இருந்தது மேட்டின் அடியில் என்றேனே. மேட்டுக்கு மேலே, சென்ற் கிளேயர் தெருவில், மேல் மொந்தெகாப்ராக்காரர் குடியிருந்தார்கள். (கடல் கடந்து வந்து, ரொறன்ரோவிலும் தேடிப் பிடித்து அவர்கள் மேலே, இவர்கள் கீழே.) அவர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து கோட்டுப் போட்ட இரண்டு பெரியவர்கள், கார்ச் சில்லு அளவு வட்டமாக ஒரு பாலாடைக்கட்டியைச் சுமந்துகொண்டு வந்து மணியடித்தார்கள். பேராசிரியை அதே பேச்சைத் தங்கள் மண்டபத்திலும் பேசவேண்டும் என்று கேட்கவந்தவர்கள். கதவைத் திறந்தவர் டொமெனிக்கோ.

நான் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். பாலாடைக்கட்டியைக் கையில் வாங்கினார். கதவைச் சாத்தினார். பிறகு அதைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு படியாக ஏறிவந்து, என் காலடியில் வைத்துவிட்டு, திரும்பி இறங்கிப் போனார். எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் மேலூர் மண்டபத்துக்குப் போகவில்லை. போகச் சொல்லி அசுந்தா கண்ணாலே கேட்டாள். போகவேயில்லை.

அதற்கு அடுத்த கிழமை டொமெனிக்கோ மறுபடி மேலே வந்தார். வைன் போத்தல் இல்லை. வேலைச் சப்பாத்தோடு வாசலில் நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"மாயெஸ்த்ரா, அந்தப் புத்தகம் பெரிய புத்தகமோ?"

ஓம் என்றேன்.

"அவ்வளவு பெரிய புத்தகத்திலை எங்களுக்கெண்டு ஒரு நல்ல வரியும் இல்லையோ? கழுதையை விட்டிட்டு?"

உண்மையைச் சொன்னால், நான் முழுவதும் வாசிக்கவில்லை. மேலூரின் பெருமை தொடங்கும் இடத்தில் தொடங்கி, அது முடியும் இடத்தில் மூடிவிட்டேன். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை நூலகம் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். அந்த ஆங்கிலேயரோடு கழுதையில் ஒவ்வொரு மலையாக ஏறி இறங்கினேன். சாப்பாடு சரியில்லை என்று அவர் முறைப்பட்ட இடமெல்லாம் வாசித்தேன். பின்னேரம், கண் எரியத் தொடங்கியபோது, புத்தகத்தின் கடைசியில் சின்ன எழுத்தில், அந்தப் பக்கத்துத் தண்ணீர் வசதி பற்றி ஒரு குறிப்பு வந்தது. மேல் மொந்தெகாப்ராவின் தொட்டிகள் கோடையில் வற்றிப்போகும். கீழ் மொந்தெகாப்ராவில் ஓர் ஊற்று உண்டு, எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. மேலூர்ப் பெண்கள் செம்புக்குடங்களைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவந்து அங்கேதான் தண்ணீர் எடுப்பார்கள். கீழூர்க்காரர் ஒருநாளும் மறுத்ததில்லை. அவ்வளவுதான்.

ஞாயிறு மத்தியானம் கீழே போனேன். இருவரும் சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக இருந்து, சுவரைப் பார்த்துச் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுதிவந்ததை வாசித்தேன், நிறுத்தி நிறுத்தி. டொமெனிக்கோ கரண்டியை வைத்துவிட்டு இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். 'ஒருநாளும் மறுத்ததில்லை' என்ற இடத்தை மட்டும் மூன்றாம் தரமும் கேட்டார்.

அசுந்தா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள், "நானும் அந்தக் குடம் சுமந்தனான்."

டொமெனிக்கோ என்னிடம்தான் திரும்பினார். அவளோடு பேசமாட்டாரே. "காலமையும் வருவாள், பின்னேரமும் வருவாள். அவ்வளவு தண்ணி ஆருக்குத் தேவை? வீட்டிலை தாயும் இவளும் மட்டும்தான். பாதி வழியிலை ஊத்திப்போட்டுத் திரும்பி வருவாளெண்டு பிறகுதான் எனக்குத் தெரியும்."

அசுந்தாவின் முகம் சிவந்துபோயிற்று. "தண்ணி நல்ல தண்ணி" என்றாள். கொஞ்சம் கழித்து, இந்தமுறை அவரைப் பார்த்து, "சூப் ஆறுது" என்றாள்.

அன்று பின்னேரம் எங்கள் மேல்மாடி அளவான சூட்டில் இருந்தது. இவர் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சமாதானம்" என்றார். நாங்கள் அந்த வீட்டில் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தோம். எங்கள் மகள் பிறந்து தவழ்ந்ததும் அந்த வீட்டில்தான். பனி கரைந்ததும் டொமெனிக்கோ முன்முற்றத்தில் சீமெந்தில் ஒரு நீரூற்று வார்த்தார். ஓர் ஆட்டுத் தலை, அதன் வாயிலிருந்து தண்ணீர். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். அவர் ஒவ்வொருவரையும் மறித்து, இது எந்தக் கோடையிலும் வற்றாது என்று விளக்குவார். சங்கத்தில் என்னை மறுபடி பேசக் கூப்பிடவில்லை. ஆனால் வருடா வருடம் விருந்துக்கு அழைப்பு வந்தது, கத்தரிக்காயும் வந்தது.

எனக்கு அதனால் வந்த தண்டனை வேறு. எங்கள் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், அது அரசியலோ அரிசி வேகும் நேரமோ, உடனே ஒருவர் "மேலூரோ, கீழூரோ?" என்று கேட்பார்கள். இவர் தொடக்கிவைத்தார், மகள் பிடித்துக்கொண்டாள். தமிழ் அரைகுறையாகப் பேசும் பேரப்பிள்ளைகளுக்குக் கூட அந்த இரண்டு சொல்லும் சுத்தமாக வரும். மருமகன் வீட்டுக்கு வந்த புதிதில், ஊரைப் பற்றி ஏதோ வில்லங்கம் என்று பயந்து, தான் இரண்டுக்கும் பொது என்று சொல்லித் தப்பப் பார்த்தான்.

போன மாரியில் எனக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. கட்டிலில் படுக்கவைத்து, தாதி எதிரே வந்து நின்று, எந்தக் கால் என்று கேட்டாள். எல்லோரிடமும் அப்படிக் கேட்பது அவர்களுடைய வழக்கமாம். நான் கொஞ்சமும் யோசிக்காமல், ரீச்சர்க் குரலில், இடது என்றேன். எதிரே நின்றவளின் இடது பக்கத்தைப் பார்த்து, அதையே என் இடது என்று சொல்லிவிட்டேன். தாதி தன் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். கட்டிலருகே கதிரையில் இருந்த இவர், பொல்லை ஊன்றி மெதுவாக எழுந்து, போர்வையை விலக்கி, வீங்கியிருந்த என் வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

"மனிசி சரித்திர ரீச்சர்" என்று தாதிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "அவவைக் கேட்டு ஒண்டும் வெட்டிப்போடாதேங்கோ."